பார்க் என்றால் பூங்கா மட்டுமா? ஸ்காட்லாந்தின் பழைய அடைப்புச் சொல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பார்க் என்றதும் நமக்கு ஊஞ்சலும் சிமெண்டு பெஞ்சும் மாலை நடையும் நினைவுக்கு வரும். ஸ்காட்லாந்தில் ஒரு பண்ணைக்காரரிடம் அதே சொல்லைச் சொன்னால், சுற்றிலும் கல் சுவர் எழுப்பிய ஒரு வயல்தான் அவர் மனதில் எழும். இந்தப் பொருள் வேறுபாட்டுக்குப் பின்னால் அரசர்களின் மான் வேட்டை இருக்கிறது, மாட்டு வணிகம் இருக்கிறது, குத்தகை நிலத்தை இழந்தவர்கள் இரவில் சுவர் இடித்த கதையும் இருக்கிறது. இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நண்பர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஸ்காட்ஸ் மொழியில் பார்க் என்பதற்குச் சரியான பொருள் என்ன?

அடைக்கப்பட்ட வயல். உழுது போட்டிருக்கலாம், புல் விட்டிருக்கலாம், டர்னிப் பயிரிட்டிருக்கலாம், ஒன்றுமில்லாமல் தரிசாகவும் கிடக்கலாம். உள்ளே என்ன இருக்கிறது என்பது கணக்கில்லை. சுற்றி அடைப்பு இருந்தால் அது பார்க். பல வட்டாரங்களில் இதைப் ‘பேர்க்’ என்று உச்சரிப்பார்கள்.

பண்ணைகளில் ஒவ்வொரு வயலுக்கும் பெயர் உண்டு. தேவாலயத்தை ஒட்டியது கிர்க் பார்க், கிணற்றடியில் இருப்பது வெல் பார்க், குதிரை மேய்வது ஹார்ஸ் பார்க். “மாடுகள் பார்க்கில் நிற்கின்றன” என்று அங்கே ஒருவர் சொன்னால், நகராட்சிப் பூங்காவில் மாடு புகுந்துவிட்டதோ என்று பதற வேண்டியதில்லை.

ஸ்காட்ஸ் என்பது ஆங்கிலத்தின் கொச்சை வடிவம்தானே?

இல்லை. வட இங்கிலாந்திலும் தென்கிழக்கு ஸ்காட்லாந்திலும் பேசப்பட்ட பழைய ஆங்கிலத்திலிருந்து கிளைத்து, தனி இலக்கியத்தோடும் அரசவைப் பயன்பாட்டோடும் வளர்ந்த மொழி அது. வடமேற்கு மலைநாடான ஹைலாண்ட்ஸ் பகுதியின் கேலிக் மொழி வேறு. அது செல்டிக் குடும்பத்தைச் சேர்ந்தது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்களுக்கு ஸ்காட்ஸ் பேசத் தெரியும் என்று பதிந்தார்கள். 2025இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் கேலிக், ஸ்காட்ஸ் இரண்டுக்கும் அலுவல் மொழித் தகுதி அளித்தது. பண்ணை, வானிலை, கால்நடை பற்றிய சொற்களில் இந்த மொழிக்கு இருக்கும் செழிப்பை நினைத்தால், அதைக் கொச்சை என்று ஒதுக்குகிறவர்கள் மேல் எனக்குக் கோபமே வருகிறது.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

வேர் ஜெர்மானியம். மேற்கு ஜெர்மானிய மொழிகளில் வேலி, அடைப்பு என்ற பொருளில் ‘பர்ருக்’ போன்ற ஒரு சொல் வழங்கியிருக்க வேண்டும் என்பது மொழியியலாளர் முடிவு. தொடக்க இடைக்காலத்து லத்தீன் சட்டத் தொகுப்பு அதைப் ‘பர்ரிகுஸ்’ என்று எழுதி வைத்தது. பழைய பிரெஞ்சில் அதுவே ‘பார்க்’ ஆயிற்று. பிரெஞ்சு பேசிய நார்மன் பிரபுக்களோடு சொல் கடல் கடந்து பிரிட்டனுக்கு வந்தது.

சுவையான செய்தி என்னவென்றால், அதே வேர் அதற்கு முன்பே பிரிட்டனில் இருந்தது. பழைய ஆங்கிலத்தில் வேலியிட்ட நிலத்துக்கு ‘பெயர்ரொக்’ என்று பெயர். அது பின்னாளில் ‘பாரக்’ ஆகி, அங்கிருந்து உருமாறி, குதிரைகளை விடும் சிறு புல்வெளியைக் குறிக்கும் ‘பேடக்’ என்ற இன்றைய ஆங்கிலச் சொல்லாக நிலைத்தது. ஆக, பார்க்கும் பேடக்கும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று பிரான்ஸ் வழியாகச் சுற்றி அரண்மனைக்குள் போனது. மற்றொன்று தொழுவத்தை விட்டு நகரவில்லை.

மற்ற உறவுகளையும் பாருங்கள். ஜெர்மன் மொழியில் ‘ப்ஃபெர்ஷ்’ என்றால் ஆட்டுப்பட்டி. டச்சு மொழியில் ‘பெர்க்’ என்றால் பூப்பாத்தி. “பெர்க்குகளுக்குள் இரு” என்பது வரம்பு மீறாதே என்று சொல்லும் டச்சு வழக்கு. வேல்ஸ் மொழியிலும் பிரான்சின் பிரெத்தோன் மொழியிலும் பார்க் என்றால் இன்றும் வயல்தான்.

வேலியின் பெயர் வேலிக்குள் இருக்கும் நிலத்துக்குப் போய்ச் சேர்வது பல மொழிகளில் நடந்த கதை. ஜெர்மன் மொழியில் ‘ட்சவுன்’ வேலி. அதன் டச்சு உறவான ‘டௌன்’ தோட்டம். ஆங்கிலத்தில் அதே சொல் ‘டவுன்’, நகரம். ஸ்காட்ஸில் ‘டூன்’ என்றால் நகரம் மட்டுமல்ல, ஒரு பண்ணையும் அதன் வீடுகளும்கூட. தஞ்சைப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். “ஐந்து வேலி நிலம்” என்று சொல்லும்போது முள்ளையும் கம்பையும் யாரும் நினைப்பதில்லை. அடைப்பின் பெயரே ஏறத்தாழ 6.6 ஏக்கர் கொண்ட நில அளவாகிவிட்டது.

‘பார்’ என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து பார்க் வந்ததாகப் படித்தேனே?

வரவில்லை. தமிழில் ‘பார்’ உலகத்தையும் நிலத்தையும் குறிக்கும். கரும்புத் தோட்டத்தில் பார் அணைப்பதும் நாம் அறிந்ததே. ஒலி ஒத்திருப்பது உண்மை. ஆனால் ஒரு சொல் இன்னொன்றிலிருந்து வந்தது என்று சொல்ல ஒலி ஒற்றுமை போதாது, வழித்தடம் வேண்டும். பார்க்குக்கு அந்தத் தடம் எழுத்தில் கிடைக்கிறது: லத்தீன் சட்டம், பழைய பிரெஞ்சு, பிறகு பிரிட்டன். அந்தத் தடத்தில் எங்கும் தமிழ் இல்லை. தமிழின் பழமைக்கு நிறையச் சான்றுகள் இருக்கின்றன. இல்லாத உறவைக் கோருவது அந்தச் சான்றுகளையும் சேர்த்து மதிப்பிழக்கச் செய்கிறது.

சொர்க்கத்தைக் குறிக்கும் ‘பாரடைஸ்’ இதற்கு உறவா?

பொருளில் உறவு, பிறப்பில் இல்லை. பாரடைஸ் பழைய ஈரானிய மொழியில் ‘பைரி-தைசா’, அதாவது சுற்றுச் சுவர். பாரசீக அரசர்களின் மதில் சூழ்ந்த வேட்டைத் தோட்டங்களைக் கிரேக்கர்கள் அந்தப் பெயரால் குறித்தார்கள். சொர்க்கம் என்ற பொருள் பின்னால் வந்தது. வெவ்வேறு வேர்கள், இரண்டுக்கும் அடியில் ஒரு சுவர்.

ஸ்காட்லாந்தின் முதல் பார்க்குகள் யாருடையவை?

அரசர்களுடையவை. இடைக்காலப் பார்க் என்பது மான்களை அடைத்து வைத்து வேட்டையாடும் இடம். மண்ணை அணைபோலக் குவித்து அதன்மேல் மரக்கழி வேலி நடுவார்கள். உட்புறம் அகழி வெட்டுவார்கள். சில இடங்களில் வெளியிலிருந்து மான் தாவி உள்ளே வரலாம், உள்ளேயிருந்து தாவி வெளியேற முடியாது என்கிற விதமாக அந்த அமைப்பு இருந்தது.

ஸ்டர்லிங் கோட்டையருகே அரசருக்கு ஏற்கெனவே ஒரு பார்க் இருக்க, 1260களில் மூன்றாம் அலெக்சாண்டர் இன்னொன்றை அமைத்தார். அதற்குப் புதிய பார்க் என்று பெயர். 1314 ஜூனில் இங்கிலாந்துப் படையை எதிர்த்து நடந்த பேனக்பர்ன் போருக்கு ஸ்காட்லாந்து அரசர் ராபர்ட் புரூஸ் தம் படையை நிறுத்தியது இந்தப் புதிய பார்க்கின் மரங்களுக்கிடையேதான். ஸ்காட்லாந்தின் விடுதலை வரலாற்றில் மிகப் பெரிய வெற்றி ஒரு மான் அடைப்பிலிருந்து புறப்பட்டது என்பதை அந்த நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளே பலர் கவனிப்பதில்லை.

எடின்பரோவில் ஹோலிரூட் அரண்மனைக்குப் பின்னால் ஆர்தர்ஸ் சீட் மலையைச் சுற்றி 260 ஹெக்டேர் அளவில் விரியும் ஹோலிரூட் பார்க்கும் இப்படி அடைத்ததே. 1540ஐ ஒட்டி ஐந்தாம் ஜேம்ஸ் அதற்குக் கல் சுவர் எடுத்தார். இன்று அங்கே யார் வேண்டுமானாலும் ஏறி உலாவலாம்.

மான் அடைப்பு எப்படி விவசாயிகளின் வயலானது?

இங்கேதான் கதையின் கனமான பகுதி வருகிறது.

17ஆம் நூற்றாண்டு வரை தாழ்நில ஸ்காட்லாந்தின் நிலம் பெரும்பாலும் திறந்தே கிடந்தது. சில குடும்பங்கள் சேர்ந்து ஒரு பண்ணைக் குடியிருப்பில் வாழும். அவர்களுடைய உழுநிலம் நீண்ட கீற்றுகளாகப் பிரிந்து, ஒருவர் கீற்றுக்கு அடுத்து இன்னொருவர் கீற்று என்று கலந்திருக்கும். இதற்கு ‘ரன்ரிக்’ என்று பெயர். ஊரை ஒட்டிய நல்ல நிலத்தை ஆண்டுதோறும் உழுவார்கள். தள்ளியிருக்கும் நிலத்தைச் சில ஆண்டுகள் உழுது, பிறகு ஓய்வில் விடுவார்கள். அதற்கும் அப்பால் மலை. எல்லோருடைய மாடும் ஆடும் அங்கே மேயும். மலைக்கும் உழுநிலத்துக்கும் நடுவில் ‘ஹெட் டைக்’ எனப்படும் ஒரே ஒரு நீண்ட சுவர். தள்ளியிருந்த நிலத்துக்கு எரு சேர்க்க, கோடை இரவுகளில் புல் கட்டிகளால் தற்காலிக அடைப்புக் கட்டி மாடுகளை அங்கே நிறுத்துவார்கள். சாணம் விழும், மண் வளம் பெறும். அந்த அடைப்புக்கு ‘டாத் ஃபால்ட்’ என்று பெயர். நம் ஊரில் கிடை மறிப்பது என்கிறோமே, அதே அறிவு.

இந்த ஏற்பாட்டை முதலில் உடைத்தது மாட்டு விலை. தென்மேற்கு மூலையில் இருக்கும் கேலோவே பகுதியில், விக்டவுன் அருகே பால்டூன் என்ற இடத்தில் சர் டேவிட் டன்பார் ஒரு மாபெரும் பார்க் எழுப்பினார். பக்கத்துக் கிர்க்கின்னர் ஊரின் பாதிரியார் ஆண்ட்ரூ சிம்சன் 1684இல் எழுதிய வட்டார விவரணையில் அதன் அளவைத் தந்திருக்கிறார்: நீளம் இரண்டரை மைல், அகலம் ஒன்றரை மைல், கோடையிலும் குளிர்காலத்திலும் சுமார் ஆயிரம் மாடுகள். ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் அவை இங்கிலாந்துச் சந்தைக்கு ஓட்டிச் செல்லப்பட்டன.

சிம்சன் சொல்லும் ஒரு நிகழ்ச்சி மனதை விட்டு அகல மறுக்கிறது. 1682ஆம் ஆண்டு ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில் பால்டூனில் பிறந்து வளர்ந்த 59 மாடுகள் இங்கிலாந்தில் பிடிபட்டன. அயர்லாந்து மாடுகளை இறக்குமதி செய்ய அப்போது தடை. இவை அளவில் மிகப் பெரியவையாக இருந்ததால் அயர்லாந்து மாடுகள் என்று பறிமுதல் செய்துவிட்டார்கள். இவை ஸ்காட்லாந்தில் ஈன்ற கன்றுகள், ஈன்றதைக் கண்ணால் பார்த்தோம் என்று சத்தியம் செய்யும் சாட்சி குறித்த நேரத்தில் வந்து நிற்கவில்லை. பார்க்கிலிருந்து ஒரு மைலுக்குள் வசிப்பவன் நான் என்று ஒருவர் சொல்ல முன்வந்தும் ஏற்கவில்லை. 59 மாடுகளையும் மண்டையில் அடித்துக் கொன்றார்கள்.

சுவர் எழும்பியபோது மக்கள் எதிர்க்கவில்லையா?

எதிர்த்தார்கள். 1707இல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒரே நாடாக இணைந்த பிறகு தெற்கே மாடு விற்பது இன்னும் லாபமானது. கேலோவேயின் நிலக்கிழார்கள் டன்பார் காட்டிய வழியில் பார்க் மேல் பார்க்காகக் கட்டினார்கள். ஆயிரம் மாட்டைப் பார்த்துக்கொள்ளச் சில மேய்ப்பர்கள் போதும். அந்த நிலத்தில் உழுது பிழைத்த குடும்பங்கள் தேவையில்லை. குத்தகைக் கெடு முடியும் மே மாதத் தவணை நாளில் அவர்களை வெளியேறச் சொன்னார்கள்.

1724 வசந்தத்தில் அந்த மக்கள் கூட்டம் கூட்டமாகத் திரண்டு சுவர்களை இடிக்கத் தொடங்கினார்கள். சுவரைத் தரையோடு சமமாக்கியதால் அவர்களுக்கு ‘லெவலர்கள்’, அதாவது சமன் செய்வோர், என்று பெயர் வந்தது. நீண்ட கழிகளைச் சுவரின் அடியில் வரிசையாகச் செருகி, எல்லோரும் ஒரே மூச்சில் நெம்புவார்கள். சுண்ணாம்பும் சாந்தும் இல்லாமல் அடுக்கிய கல் சுவர்தானே. ஓரிடம் சரிந்தால் அடுத்த கெஜமும் சேர்ந்து சரியும். ஒரு கட்டத்தில் ஆயிரம் பேர் வரை திரண்டார்கள். தங்கள் நியாயத்தை விளக்கித் துண்டறிக்கையும் அச்சிட்டார்கள். சட்ட விரோதமாகக் கொண்டுவரப்பட்ட அயர்லாந்து மாடுகளைக் கண்டபோது, தடைச் சட்டத்தை நாங்களே நிறைவேற்றுகிறோம் என்று சொல்லி அவற்றைக் கொன்றார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் பால்டூன் மாடுகளுக்கு நேர்ந்தது நினைவிருக்கிறதல்லவா?

அரசு குதிரைப்படையை அனுப்பியது. அடங்காத கூட்டத்தை வீரர்கள் கலைத்தார்கள், பலரைப் பிடித்தார்கள். பால்டூன் சொத்துக்கு அப்போது உரிமையாளராக இருந்தவர் டன்பாரின் வழிவந்த பேசில் ஹாமில்டன். அவர் தொடுத்த வழக்கு 1725 தொடக்கத்தில் கிர்க்கூப்ரி நகரில் விசாரணைக்கு வந்தது. இடித்த சுவருக்கு லெவலர்கள் நஷ்டஈடு தர வேண்டும் என்று தீர்ப்பானது. ‘ஜிப்ஸிகளின் அரசன்’ என்று பெயர் பெற்ற பில்லி மார்ஷல் இந்தக் கூட்டங்களுக்குத் தலைமை தாங்கினார் என்பது வழிவழியாக வரும் பேச்சு.

சுவர்கள் மறுபடி எழுந்தன. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் தாழ்நிலத்தின் பெரும்பகுதி பார்க்குகளாக அடைபட்டது. விளைச்சல் பெருகியது என்று வேளாண் வரலாற்றில் எழுதுகிறார்கள், பெருகியதும் உண்மை. ஆனால் சொந்தமாக ஒரு கீற்று நிலம்கூட இல்லாமல், உழைப்பைக் கொடுத்துக் குடிசையும் ஒரு பசுவுக்கு மேய்ச்சலும் பெற்று வாழ்ந்த ‘கோட்டர்’ குடும்பங்கள் ஸ்காட்லாந்துக் கிராமத்திலிருந்து கிட்டத்தட்ட மறைந்தே போயின. ஹைலாண்ட்ஸில் நிலக்கிழார்கள் குடியானவர்களைப் பெருமளவில் வெளியேற்றியதற்கு நினைவுச் சின்னங்களும் பாடல்களும் உண்டு. தாழ்நிலத்தில் வெளியேறியவர்களை அந்த அளவுக்கு யாரும் பாடவில்லை. பார்க் என்ற சொல்லில் அவர்களும் இருக்கிறார்கள் என்றே நான் எண்ணுகிறேன்.

இங்கிலாந்தில் நடந்த நில அடைப்பும் இதுவும் ஒன்றுதானா?

விளைவில் ஒன்று, சட்ட வழியில் வேறு. இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டில் பெரும்பாலும் ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனிச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேற வேண்டியிருந்தது. ஸ்காட்லாந்தில் அந்தத் தடையே இல்லை. 1661இலிருந்து பல சட்டங்கள் அடைப்பை ஊக்குவித்தன. 1695இல் வந்த இரண்டு சட்டங்கள், கலந்து கிடந்த கீற்றுகளை ஒன்றாக்கவும் பொது மேய்ச்சல் நிலத்தை உரிமையாளர்களுக்குள் பிரித்துக்கொள்ளவும் நீதிமன்றம் வழியாகவே இடமளித்தன. குத்தகைக்காரரின் உரிமை கெடு முடியும் நாளோடு தீர்ந்தது.

அந்தச் சுவர்கள் எப்படிப்பட்டவை?

ஸ்காட்ஸில் சுவருக்கு ‘டைக்’ என்று பெயர். இங்கிலாந்தின் பல பகுதிகளில் அதே சொல் பள்ளத்தை, வாய்க்காலைக் குறிக்கும். மண்ணைத் தோண்டினால் ஒரு பக்கம் குழி, ஒரு பக்கம் மேடு. ஒருவர் குழிக்குப் பெயர் வைத்தார், மற்றவர் மேட்டுக்கு வைத்தார்.

கல்லை மட்டும் அடுக்கிக் கட்டுவது ‘ட்ரை ஸ்டேன் டைக்’. சாந்து கிடையாது. இரண்டு முகப்பு வரிசைகள், மேலே போகப் போக ஒன்றையொன்று நோக்கிச் சாயும். நடுவில் சிறு கற்களைத் திணிப்பார்கள். அதற்கு ‘ஹார்ட்டிங்’ என்று பெயர். பாதி உயரத்தில் இரு முகப்புகளையும் சேர்த்துக் கட்ட நீண்ட கற்களைக் குறுக்கே கிடத்துவார்கள். உச்சியில் கனமான மூடுகற்கள். அந்தப் பாரம்தான் மொத்தத்தையும் பிடித்து வைக்கிறது. ஆடுகள் நுழைந்து போக அடியில் விடும் சதுர ஓட்டைக்கு ‘லங்கி’, சுவரில் விழுந்த இடைவெளிக்கு ‘ஸ்லாப்’, வாயிற்கதவுக்கு ‘யெட்’.

கேலோவே டைக்குக்கு ஒரு தனி உத்தி உண்டு. அடிப்பாகம் மேலே சொன்ன இரட்டைச் சுவர். மேற்பாகத்தில் ஒற்றை வரிசையாகப் பெரிய உருண்டைக் கற்கள், இடையிடையே சந்து தெரிய. அருகில் நின்று பார்த்தால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே வானம் துண்டு துண்டாகத் தெரியும். கட்டி முடிக்காமல் விட்டதுபோல் தோன்றும். ஆனால் அந்த வெளிச்சம் வேண்டுமென்றே விட்டது. இது இப்போதே உருண்டுவிடும் என்று ஆடும் மாடும் மிரண்டு, தாவ நினைக்காது. காற்றும் சுவரை மோதித் தள்ளாமல் ஊடுருவிப் போய்விடும்.

வடகிழக்கே அபர்டீன் பக்கம் சிக்கல் வேறு: வயலில் கல் மிகுதி. அள்ளிய கல்லைப் போட இடமில்லாமல் சுவரையே அகலமாக்கினார்கள். கல்லைத் தின்று தீர்ப்பதால் அதற்குத் ‘தின்று தீர்க்கும் சுவர்’ என்ற பொருளில் பெயர். கிங்ஸ்வெல்ஸ் ஊரில் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய ஒன்று சுமார் 10 மீட்டர் அகலம். அதன் மேல் நடைபாதையே இருக்கிறது.

அடைப்பைக் குறிக்க வேறு ஸ்காட்ஸ் சொற்கள் உண்டா?

ஏராளம். இங்கிலாந்தை ஒட்டிய எல்லைப்புற மாவட்டங்களில் பெண் ஆடுகளைப் பால் கறக்க அடைக்கும் குறுகலான பட்டி ‘பஃட்’. ‘அஃது’ என்று சொல்லும்போது வரும் ஆய்தத்தைச் சற்றுக் கரகரப்பாக ஒலித்தால் சரியான உச்சரிப்பு கிடைத்துவிடும். அந்தி வேளைக்கே ‘பஃட் நேரம்’ என்று பழைய பாடல்களில் பெயர். காதலர் சந்திக்கும் பொழுதும் அதுதான்; கறக்கப் போகும் பெண்ணை வழியில் பார்த்துவிடலாமே. ஆட்டுப் பால் கறக்கும் வழக்கம் நின்றபோது சொல்லும் பாடல்களுக்குள் ஒதுங்கிவிட்டது.

ஹைலாண்ட்ஸில் மயிர் கத்தரிக்கவும் மருந்துக் குளியலுக்கும் ஆடுகளைச் சேர்க்கும் அடைப்பு ‘ஃபேங்க்’, கேலிக்கிலிருந்து வந்தது. பனிப்புயலில் ஆடுகள் ஒதுங்குவதற்கு மலைச்சரிவில் வட்டமாகக் கட்டியது ‘ஸ்டெல்’. ஷெட்லாந்து, ஓர்க்னி தீவுகளில் ‘பிளாண்டிகிரப்’ உண்டு: ஆளுயரம்கூட இல்லாத, சில அடி அகலமே உள்ள சிறு கல் வட்டம். உள்ளே கோசுக் கீரை விதையைக் கோடை முடிவில் தூவிவிடுவார்கள். அட்லாண்டிக் காற்றும் ஆட்டு வாயும் எட்டாத அந்த வட்டத்துக்குள் நாற்று குளிர்காலத்தைக் கடத்தும். வசந்தத்தில் பிடுங்கி வீட்டுத் தோட்டத்தில் நடுவார்கள். இத்தனை அடைப்புகளில் என் மனதுக்கு மிக நெருக்கமானது இந்த நாற்றங்கால் வட்டம். யாரையும் வெளியேற்றாமல் கட்டிய சுவர் அது.

நம் ஊரில் மாட்டை அடைக்கும் ‘பவுண்டு’ இதில் சேருமா?

சேரும். தெருவில் திரியும் மாட்டைப் பிடித்து அடைத்து, அபராதம் கட்டிய பின் விடும் இடத்தைத் தமிழ்நாட்டில் பவுண்டு என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆங்கிலேயர் ஆட்சியில், குறிப்பாக 1871ஆம் ஆண்டு கால்நடை அத்துமீறல் சட்டத்தோடு, ஊரெங்கும் பரவிய ஏற்பாடு அது. பணத்தையும் எடையையும் குறிக்கும் பவுண்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இது பழைய ஆங்கிலத்தின் அடைப்புச் சொல். ஸ்காட்ஸில் அதன் வடிவம் ‘பண்ட்’.

அடைத்தல் என்ற வினையும் அங்கே உண்டு. எழுத்தில் ஒரு மாதிரி, உச்சரிப்பில் ‘பிண்ட்’. பயிரை மேய்ந்த மாட்டைப் பிடித்து வைப்பதில் தொடங்கிய இந்தச் சொல், கடன் கட்டாதவர் வீட்டுப் பொருளை ஜப்தி செய்வதற்கு உரிய சட்டச் சொல்லாயிற்று. அதிகாரிகள் ஏழைகளின் வீட்டுக்குள் நுழைந்து தட்டுமுட்டுச் சாமான்களுக்கு விலை குறித்து ஏலம் விடுவது 20ஆம் நூற்றாண்டின் கடைசி வரை நடந்தது. நெடுங்கால எதிர்ப்புக்குப் பிறகு 2001இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் அதை ஒழிக்கச் சட்டம் இயற்றியது.

வண்டியைப் ‘பார்க்’ செய்வதும், கால்பந்து மைதானத்தைப் பார்க் என்பதும்?

இரண்டும் இதே சொல்தான். பீரங்கிகளையும் படை வண்டிகளையும் நிறுத்தி வைக்கும் அடைப்பை ஐரோப்பியப் படைகள் பார்க் என்றன. அங்கே நிறுத்துவது வினையானது. பிறகு மோட்டார் வண்டிக்கு வந்தது. நம் ஊர்ப் பார்க்கிங் பலகை வரை வந்துவிட்டது.

கால்பந்தில் ஹாம்ப்டன் பார்க், செல்டிக் பார்க், டென்ஸ் பார்க் என்று ஸ்காட்லாந்தில் பெயர்கள் வரிசை கட்டும். அந்த நாட்டு வர்ணனையாளர் “பார்க்கில் இருக்கும் பதினொரு பேர்” என்றால் ஆடுகளத்தில் இருப்பவர்கள் என்று பொருள். வயலைக் குறித்த சொல் ஆடுகளத்துக்குப் போனதில் வியப்பில்லை.

ஆப்பிரிக்காவில் நைஜர் ஆற்றைத் தேடிப் போன மங்கோ பார்க்கின் குடும்பப் பெயரும் இதுவே. 1771இல் செல்கர்க் அருகே பண்ணை வீட்டில் பிறந்தவர். கொரியர்களின் பார்க் வேறு. அது கொரிய மொழியின் ‘பாக்’.

இந்தப் பொருள் இன்றும் வழக்கில் இருக்கிறதா?

இருக்கிறது. வசந்தம் நெருங்கும்போது உள்ளூர்ப் பத்திரிகைகளிலும் ஏல நிறுவனங்களின் அறிவிப்புகளிலும் ‘புல் பார்க்குகள் வாடகைக்கு’ என்ற வாசகத்தைக் காணலாம். ஒரு பருவத்துக்கு மட்டும் மேய்ச்சல் உரிமையை ஏலம் எடுக்கும் ஏற்பாடு. ஏலத்துக்கும் ஸ்காட்ஸில் தனிச் சொல் உண்டு: ‘ரூப்’.

பாரக் என்ற பழைய வடிவம் ஸ்காட்லாந்தில் என்ன ஆனது?

ஒரு சின்னஞ்சிறு இடத்தில் பிழைத்திருந்தது. தெற்கு ஸ்காட்லாந்தின் மேய்ப்பர்கள் ‘பாரக்’ என்று சொன்னது ஓர் ஆடும் ஒரு குட்டியும் மட்டும் நிற்கக்கூடிய மூலையடைப்பை. அதை வினையாகவும் ஆண்டார்கள்.

ஈற்றுக் காலத்தில் ஒரு தாய் ஆட்டின் குட்டி செத்துப் பிறக்கும். இன்னொரு பக்கம் ஒரு குட்டி தாயை இழந்து கத்திக்கொண்டிருக்கும். இரண்டையும் சேர்த்தால் முடிந்தது என்று நமக்குத் தோன்றும். ஆனால் ஆடு தன் குட்டியை மணத்தால் அறியும். அயல் குட்டி மடியருகே வந்தால் முட்டித் தள்ளிவிடும். மேய்ப்பர் இறந்த குட்டியின் தோலை உரித்து, உயிருள்ள குட்டிக்குச் சட்டை மாதிரி போர்த்திவிடுவார். பிறகு இருவரையும் பாரக்கில் அடைப்பார். திரும்ப இடமில்லாத அந்த நெருக்கத்தில் ஆடு மோந்து பார்க்கும், விலகப் பார்க்கும், மறுபடி மோந்து பார்க்கும். குட்டி விடாமல் மடியைத் தேடும். ஒருநாளோ இரண்டு நாளோ கழித்து ஆடு கால் அகற்றி நின்று பால் கொடுத்துவிட்டால், மேய்ப்பர் தோலைக் கழற்றிவிட்டுத் தட்டியைத் திறந்து இரண்டையும் வெளியே விடுவார்.